விசைப்பலகையில் ஒரு வானொலி

பழைய மடிக்கணினி ஒன்றில், சுட்டெலியைத் தொடாமலே இரண்டு மூன்று விசைகளைத் தட்டியவுடன், கரிய சாளரம் ஒன்று திறந்து, அதில் வானொலி நிலையங்களின் பெயர்கள் வரிவரியாகத் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து நுழைவு விசையை அழுத்தினால், கடல் கடந்த நகரம் ஒன்றிலிருந்து புறப்பட்ட சங்கீதம் ஓரிரு விநாடிகளில் நம் அறையில் ஒலிக்கத் தொடங்குகிறது. சாளரத்தின் அடியில் பாட்டின் பெயர் தோன்றுகிறது; பாட்டு மாறும்போது பெயரும் தானே மாறுகிறது. இந்த வேளையில் கணினியிலிருந்து இணையக் கம்பியைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? ஒலி அக்கணமே அற்றுப்போகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் சங்கீதம் எவ்விதத் தடுமாற்றமும் இன்றிச் சில விநாடிகள் தொடர்ந்து ஒலித்து, அதன் பிறகே நிற்கிறது.

இந்த எளிய காட்சியில் மூன்று வினாக்கள் அடங்கியிருக்கின்றன. நிலையத்தின் வலைப்பக்கத்தைத் திறப்பதற்கே திணறும் பழைய இயந்திரம், அதே நிலையத்தின் ஒலியை இவ்வளவு சுலபமாகப் பெற்றுத் தருவது எப்படி? கம்பி அறுந்த பின்பும் ஒலித்த சங்கீதம் அதுவரை எங்கே இருந்தது? காதுக்கு வரும் ஒலியினூடே கண்ணுக்கு உரிய பெயர் எந்த வழியாக வந்து சேர்ந்தது? இவற்றுக்கு விடை காணப் புகுந்தால், விசைப்பலகையையே பிரதான சாதனமாகக் கொண்ட லினக்ஸ் வழங்கல்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதும், அவற்றின் புதிய வெளியீடு ஒன்று வரும்போது உண்மையில் மாறுவது எது, மாறாமல் நிற்பது எது என்பதும் ஒருங்கே தெளிவாகும்.

வழங்கல் என்பது என்ன?

லினக்ஸ் என்பது, கண்டிப்பாகச் சொன்னால், கெர்னல் எனப்படும் கருநிரல் ஒன்றின் பெயர். செயலி, நினைவகம், விசைப்பலகை, ஒலிச் சாதனம் ஆகியவற்றை நேரே ஆளுகின்ற இந்த அடிப்படை நிரலை, ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். கருநிரல் மட்டும் கையில் இருந்தால் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அதனோடு சேர்ந்து இயங்கவேண்டிய ஆயிரக்கணக்கான நிரல்களைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ஒன்றோடொன்று முரண்படாதவாறு பொருத்தி, சாமானியர் தம் கணினியில் நிறுவிக்கொள்ளத்தக்க ஒரே கோப்பாக்கித் தருவதையே வழங்கல் என்கிறோம். டெபியன் 1993-இலும், ஆர்ச் 2002-இலும், உபுண்டு 2004-இலும் தோன்றின; இன்று நடமாடும் வழங்கல்களில் மிகப் பல இவற்றில் ஒன்றை அஸ்திவாரமாகக் கொண்டு எழுந்தவை.

இவற்றுள் ஒரு பிரிவினர், சாளரங்களைச் சுட்டெலியால் இழுத்தும் நகர்த்தியும் அடுக்குவதில் காலம் வீணாகிறது என்று கருதி, அந்த வேலை முழுவதையும் விசைகளிடமே ஒப்படைத்தார்கள். சாளரங்களின் இடத்தையும் அளவையும் நிர்ணயிக்கும் நிரலுக்குச் சாளர மேலாளர் என்று பெயர். 2006-இல் வந்த டிடபிள்யூஎம், 2007-இல் வந்த எக்ஸ்மோனாட், 2009-இல் வந்த ஐ3 ஆகிய மேலாளர்கள், ஒரு சாளரம் மற்றொன்றை மறைக்காதபடி திரையைத் தாமே பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் தருகின்றன. புதிதாக ஒன்று திறந்தால் ஏற்கனவே இருப்பவை ஒதுங்கி வழிவிடுகின்றன. ஐ3-ஐ உபுண்டுவின் மேல் அமைத்துத் தருவது ரெகோலித் என்ற வழங்கல். ஹைப்பர்லேண்ட் என்ற புதிய மேலாளரை ஆர்ச்சின் மேல் அமைத்துத் தருவது 2025-இல் வெளிவந்த ஓமார்ச்சி.

சுட்டெலியை விலக்குவது வேகத்தை விரும்புவோரின் தேவை மட்டும் அன்று. ஜெர்மனியில் கிளாஸ் க்னாப்பர் உருவாக்கிய க்னாப்பிக்ஸ் வழங்கலில், பார்வையற்றோருக்காகவே அட்ரியேன் என்ற அமைப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. அம்புக்குறி விசைகளால் பட்டியலில் நகர நகர, அந்தந்த வரியைக் கணினி வாய்விட்டுச் சொல்கிறது. திரையில் சுட்டெலியின் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பதைக் காண முடியாதவருக்கு விசைப்பலகையே கணினிக்குள் நுழையும் வாயில் என்பதை மனத்தில் கொண்டால், விசை ஒவ்வொன்றுக்கும் நிலையான பொருள் இருக்கவேண்டியதன் அவசியம் நன்கு விளங்கும்.

விசை எண்ணாகி, எண் கட்டளையாவது

விசைப்பலகையின் அடியில் நெடுக்காகவும் குறுக்காகவும் மின்தடங்கள் ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு விசை இருக்கிறது. பலகைக்குள்ளேயே அமைந்த ஒரு சிற்றளவுச் செயலி, விநாடிக்குப் பல நூறு முறை இந்தத் தடங்களைச் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்பதைக் கண்டு, அதற்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. கணினியில் அதைப் பெறும் கருநிரல், பலகையைச் செய்தவர் யாராயினும் பொருந்துமாறு, தன் சொந்த எண்வரிசைக்கு அதை மாற்றிக்கொள்கிறது. லினக்ஸின் அந்த வரிசையில் நுழைவு விசைக்கு 28. எம் என்னும் ஆங்கில எழுத்துக்கு 50. பல பலகைகளில் விண்டோஸ் சின்னம் தாங்கிய, இடப்புறத்து சூப்பர் விசைக்கு 125. அழுத்தினால் 1, விட்டால் 0, விடாமல் அழுத்தியே இருந்தால் 2 என்று ஒவ்வொரு எண்ணோடும் ஒரு நிலையும் சேர்கிறது.

இதை யாரும் நூலைப் படித்து நம்பவேண்டியதில்லை. இவிடெஸ்ட் என்ற சிறு நிரலை இயக்கி, விசைப்பலகையைத் தேர்ந்து, ஏதேனும் ஒரு விசையைத் தொட்டுப் பார்த்தால், அழுத்திய கணமும் விட்ட கணமும் தனித்தனி வரிகளாக, எண்ணும் நிலையும் நேரமும் சேர்ந்து திரையில் விழுவதைக் காணலாம். விரலுக்குத் தெரியாத சிறு கால வித்தியாசம்கூட அங்கே பதிவாகிறது.

ஐ3 முதலிய சாளர மேலாளர்கள், தாம் தொடங்கும்போதே, இன்னின்ன விசைச் சேர்க்கைகள் வந்தால் அவற்றை வேறு எந்த நிரலுக்கும் கொடுக்காமல் எம்மிடமே தரவேண்டும் என்று திரையை நிர்வகிக்கும் சேவை நிரலிடம் பதிவு செய்துகொள்கின்றன. சூப்பர் விசையும் எம் விசையும் சேர்ந்து வந்தால் வானொலியைத் திற என்று பயனர் ஒரு வரி எழுதிவைத்திருந்தால், 125-உம் 50-உம் ஒருசேர வந்த கணத்தில் மேலாளர் அந்த நிரலை இயக்கிவிடுகிறது. அந்த ஒரு வரி இருப்பது சாதாரண எழுத்துக் கோப்பில். எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், நண்பருக்குக் கொடுக்கலாம்.

பட்டியல் ஒருவரிடம், ஒலி வேறொருவரிடம்

திறந்துகொள்ளும் கரிய சாளரத்துக்கு முனையம் என்று பெயர்; எழுத்துகளைக் காட்டவும் எழுத்துகளைப் பெறவும் மட்டுமே அறிந்தது அது. அதனுள் இயங்கும் வானொலிக் கருவிகளில் பைரேடியோ பிரசித்தமானது. அதன் நிலையப் பட்டியல், வரிக்கு ஒரு நிலையமாக, முதலில் பெயர், ஒரு காற்புள்ளி, பிறகு இணைய முகவரி என்று எழுதப்பட்ட எளிய கோப்பு. உலக நிலையங்களின் முகவரிகளைத் தன்னார்வலர்கள் சேர்த்துவைத்திருக்கும் ரேடியோ பிரௌசர் என்ற பொதுப் பட்டியலிலும் அது தேடித் தரும். ஆனால் ஒலியை எழுப்பும் வித்தை பைரேடியோவுக்குத் தெரியாது. பயனர் ஒரு நிலையத்தைத் தேர்ந்ததும், அதன் முகவரியை எம்பிவி, எம்பிளேயர், விஎல்சி ஆகிய இசைப்பான்களில் ஒன்றிடம் கொடுத்துவிட்டு, அது திருப்பிச் சொல்லும் செய்திகளைப் படித்துத் திரையில் காட்டுவதோடு தன் கடமை முடிந்தது என்று அது ஒதுங்கிக்கொள்கிறது.

ஒரு நிரல் ஒரு காரியத்தைச் செவ்வனே செய்தால் போதும், பல நிரல்களை இணைத்துப் பெரிய காரியங்களை முடித்துக்கொள்ளலாம் என்ற இந்தக் கொள்கை பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஒரு நிரலின் விளைவை மற்றொன்றின் உள்ளீடாக இணைக்கும் வசதி வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-இலேயே எழுதிவைத்தார். 1973-இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸ் அமைப்பில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பழைய மடிக்கணினி திணறாததற்கான காரணத்தில் ஒரு பாதி இங்கே கிடைத்துவிடுகிறது. வலைப்பக்கத்தைத் திறக்கும் உலாவி, படங்களையும் எழுத்துருக்களையும் விளம்பரங்களையும் அவற்றை இயக்கும் நிரல்களையும் சேர்த்தே இறக்கி ஏற்றுகிறது. எம்பிவி அந்த முகவரியில் ஒலியை மட்டும் கேட்டுப் பெறுகிறது. மறு பாதி, அந்த ஒலி எந்த வடிவில் வருகிறது என்பதில் இருக்கிறது.

பதினொன்றில் ஒரு பங்கு

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறியிறங்குவது. அந்த ஏற்றத்தாழ்வை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதி, இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனியே செய்தால் குறுந்தட்டின் தரம் கிடைக்கிறது. இவற்றைப் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. சாதாரண இணைய வானொலி நிலையம் அனுப்புவதோ விநாடிக்கு 1,28,000 பிட்டுகள். ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. மற்றப் பத்துப் பங்கும் எங்கே போயின?

அவற்றில் பெரும்பகுதி, நம் செவி எப்படியும் கேட்டிராத சப்தங்களுக்கு உரியவை. பலத்த ஒலி ஒன்று இருக்கும்போது, அதற்கு அண்மையான சுருதியில் எழும் மெல்லிய ஒலி செவிக்கு எட்டுவதில்லை. இதை மறைப்பு விளைவு என்பர். இது வெறும் அனுமானம் அன்று. 1924-இல் பெல் அமைப்பைச் சேர்ந்த வீகல், லேன் என்ற இருவர், நிலையான ஒரு தூய ஒலியை ஒருவருக்குக் கேட்கச் செய்து, அதனோடு இரண்டாவது ஒலி ஒன்றைச் சேர்த்து, அது எவ்வளவு பலமாக இருந்தால் அவருக்குக் கேட்கத் தொடங்குகிறது என்பதைச் சுருதி சுருதியாக அளந்தார்கள். முதல் ஒலிக்கு மேலே உள்ள சுருதிகள் எளிதில் மறைகின்றன, கீழே உள்ளவை அவ்வளவாக மறைவதில்லை என்பது அந்த அளவைகளில் தெளிவாயிற்று. ஹார்வி ஃப்ளெட்சரும், பின்னாளில் ஜெர்மனியின் எபர்ஹார்ட் ஸ்விக்கரும் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். செவி தான் கேட்கும் சுருதி வரம்பு முழுவதையும் 24 பட்டைகளாகப் பகுத்துக்கொண்டே கேட்கிறது என்ற கணக்கை ஸ்விக்கர் 1961-இல் வெளியிட்டார்.

இந்த ஞானத்தை நிரலாக்கியவர்களுள் முதன்மையானவர், ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தோடு இணைந்து உழைத்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டென்பர்க். எம்பி3 என்று இன்று வழங்கும் சுருக்க முறை, ஒலியைச் சுருதிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மறைந்துபோகும் அளவுக்கு உட்பட்டவற்றைக் கரடாக எழுதி, கேட்கத்தக்கவற்றுக்கு மட்டும் பிட்டுகளைத் தாராளமாகச் செலவிடுகிறது. எந்த அளவு கரடானால் செவி அறிந்துகொள்ளும் என்பதைக் கணக்கு தனியே சொல்லிவிட முடியாது. வாத்தியம் ஏதுமின்றிச் சுசான் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைப் பிராண்டென்பர்க் திரும்பத் திரும்பச் சுருக்கிக் கேட்டுத் தம் முறையின் குறைகளைக் களைந்தார். தனிக்குரலில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. 1990, 1991 ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் வானொலியார், பல சுருக்க முறைகளை, எது மூலம் எது சுருக்கம் என்று அறிவிக்காமல், தேர்ந்த செவியுடையோருக்குக் கேட்கச் செய்து சோதித்தார்கள். கருவிகள் அளக்கும் வித்தியாசத்தை விட்டு, மனிதர் உணரும் வித்தியாசத்தையே பிரமாணமாகக் கொண்டு வகுக்கப்பட்ட முறை இது.

நடுவே நுழைந்தவர் எங்கே தொடங்குவது?

வானொலி நாம் வருவதற்காகக் காத்திருப்பதில்லை. பாட்டின் மத்தியில்தான் பெரும்பாலும் நாம் நுழைகிறோம். எண்களின் முடிவற்ற வரிசையில் ஏதோ ஓரிடத்தில் வந்து விழுந்த இசைப்பான், எந்த எண்ணிலிருந்து பொருள்கொள்வது என்று எவ்வாறு அறிகிறது? எம்பி3 ஓடை முழுவதும் சட்டகங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் 1,152 அளவைகளின் ஒலி அடங்கியிருக்கிறது. காலத்தில் அது ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 26 மில்லி விநாடி. ஒவ்வொரு சட்டகத்தின் தலையிலும் தொடர்ச்சியாகப் பதினோரு ஒன்றுகள் எழுதப்பட்டிருக்கும். இசைப்பான் அந்தப் பதினோரு ஒன்றுகளைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்கிட்டால் அடுத்த சட்டகத்தின் தலை சரியான தூரத்தில் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் அதுவே உண்மையான தொடக்கம் என்று உறுதி செய்துகொண்டு ஒலிக்கத் தொடங்குகிறது. ஒரு சட்டகம் பழுதானாலும் அடுத்ததில் சமாளித்துக்கொள்ள முடிவதும் இந்த ஏற்பாட்டினால்தான்.

கம்பி அறுந்த பின் ஒலித்தது எது?

இணையத்தில் குரலைப் பரப்பும் முயற்சி 1993-இல் அமெரிக்காவில் கார்ல் மலமூட் தொடங்கிய நிகழ்ச்சிகளோடு ஆரம்பமாயிற்று. 1994 நவம்பரில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரத்து மாணவர் நிலையமான டபிள்யூஎக்ஸ்ஒய்சி தன் ஒலிபரப்பை இணையத்திலும் தொடர்ச்சியாக அனுப்பத் தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் என்ற இரண்டு சேவை நிரல்கள் வந்தபோது, எவரும் தம் வீட்டிலிருந்தே நிலையம் நடத்தலாம் என்ற நிலை உண்டாயிற்று. இவற்றுள் ஐஸ்காஸ்ட் மூலநிரலோடு யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. இன்றளவும் நிலையங்கள் அதைப் பயன்படுத்தி வருகின்றன.

வான்வழி ஒலிபரப்பில் கேட்பவர் எத்தனை பேரானாலும் நிலையத்தின் செலவு மாறுவதில்லை. இணையத்திலோ ஒவ்வொருவருக்கும் தனி ஓடை ஒன்றை அனுப்பவேண்டும். ஆயிரம் பேர் கேட்டால் விநாடிக்கு 12 கோடியே 80 லட்சம் பிட்டுகள் புறப்பட்டாகவேண்டும். ஒவ்வோர் ஓடையும் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, விநாடிக்குச் சுமார் பதினொன்று என்ற கணக்கில் பயணம் செய்கிறது. அவை சீரான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. சில தாமதிக்கும், சில வழியில் தொலைந்து மீண்டும் அனுப்பப்படும். காதோ ஒரு கணத் தடையையும் பொறுக்காது.

நகராட்சிக் குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும், மேல்மாடித் தொட்டியில் அதை நிரப்பி வைத்துக்கொள்ளும் வீட்டில் குழாயைத் திறந்தபோதெல்லாம் நீர் சீராக விழுவதை நாம் அறிவோம். இசைப்பானும் தான் பெற்றதை உடனே ஒலித்துவிடாமல், நினைவகத்தில் சில விநாடிகளுக்கானதைத் தேக்கி வைத்துக்கொண்டு அதிலிருந்தே எடுத்து ஒலிக்கிறது. இதற்கு இடைத்தேக்கம் என்று பெயர். கம்பியைக் கழற்றிய பின் நாம் கேட்டது இந்தத் தேக்கத்தில் எஞ்சியிருந்ததைத்தான். தேக்கம் நிரம்பும்வரை காத்திருப்பதானால் ஒலி தொடங்க நேரமாகுமே என்று கேட்கலாம். அதற்கும் பரிகாரம் உண்டு: ஐஸ்காஸ்ட், புதிதாக வருபவருக்கு ஏற்கனவே தன்னிடம் இருக்கும் சுமார் 65,000 பைட்டுகளை ஒரே மூச்சில் அனுப்பிவிடுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால், விநாடிக்கு 16,000 பைட் என்ற கணக்கில் அது நான்கு விநாடிச் சங்கீதம். இணைய வானொலியில் மணி அடிக்கும் ஓசை உண்மையான மணிக்குச் சில விநாடிகள் பிந்தியே கேட்பதற்கும் இந்தத் தேக்கங்களே காரணம்.

பெயர் வந்த வழி

மூன்றாவது வினாவுக்கு விடை மிகவும் ரசமானது. இசைப்பான் நிலையத்தைத் தொடர்பு கொள்ளும்போது, பாட்டின் பெயரையும் சேர்த்து அனுப்புக என்று தன் வேண்டுகோளில் ஒரு வரி எழுதுகிறது. சேவையகம் தன் மறுமொழியில் ஓர் எண்ணைத் தருகிறது. ஐஸ்காஸ்டில் அது வழக்கமாக 16,000. இதன் பொருள், ஒலிக்குரிய 16,000 பைட்டுகள் முடியும்தோறும், அடுத்து வரும் ஒரு பைட் ஒலியைச் சேர்ந்தது அன்று, பெயரின் நீளத்தைச் சொல்வது என்பதாகும். அந்தப் பைட்டின் மதிப்பை 16 ஆல் பெருக்கினால் வருவது பெயர்ப்பகுதியின் நீளம். பெயர் மாறாதபோது அது பூஜ்யமாக இருக்கும். அதன் பின் ஒலி தொடரும்.

ஒரு பாட்டின் பெயர் ‘தமிழ்’ என்றே இருப்பதாகக் கொள்வோம். தலைப்பு இது என்று அறிவிக்கும் ஆங்கிலச் சொல்லும் குறிகளும் சேர்ந்து 13 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறுவதால் 15. முடிவுக் குறிகள் 2. ஆக 30 பைட். பதினாறின் மடங்காக இருக்கவேண்டும் என்பதால் இரண்டு பூஜ்யங்களைச் சேர்த்து 32 ஆக்கி, நீளத்தைச் சொல்லும் பைட்டில் 2 என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயர்ப்பகுதி எந்த எழுத்து முறையில் எழுதப்பட்டது என்பதைத் தெரிவிக்க அந்தப் பழைய ஏற்பாட்டில் இடம் இல்லை. ஆகையால், பெறுகிற நிரல் மேற்கு ஐரோப்பிய எழுத்து முறை என்று எண்ணிக்கொண்டுவிட்டால், தமிழ்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் தோன்றும். திரையில் நாம் சில வேளை காணும் அந்த அலங்கோலத்தின் வரலாறு இதுவே.

இதையும் பிரத்தியட்சமாகச் சோதிக்கலாம். கர்ல் என்ற கட்டளையால் அந்த வேண்டுகோள் வரியோடு ஓடையைச் சிறிது நேரம் ஒரு கோப்பில் சேமித்து, பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரல் ஒன்றால் திறந்து, 16,000-ஐத் தாண்டிப் பார்த்தால் ஒலியின் எண்களுக்கு இடையே பாட்டின் பெயர் எழுத்துருவிலேயே உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோப்பை, பெயர்ப்பகுதியை நீக்கத் தெரியாத இசைப்பானில் ஒலித்தால், அந்நிய பைட்டுகள் சட்டகங்களுக்கு நடுவே புகுந்துவிடுவதால் குறிப்பிட்ட இடைவெளியில் ஒலி பிசிறடிக்கும்.

வெளியீடுகளில் மாறுவதும் மாறாததும்

இவ்வளவையும் அறிந்த பிறகு, ஒரு வழங்கலின் புதிய வெளியீட்டைச் சரியாக மதிப்பிட நம்மால் முடியும். வெளியிடும் முறையில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. டெபியனில், ஒரு கட்டத்தில் புதியவற்றைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இருப்பவற்றின் பிழைகளை மட்டுமே திருத்தும் உறைநிலைக் காலம் மாதக்கணக்கில் நடந்து, அதன் பிறகே வெளியீடு நிகழ்கிறது. பன்னிரண்டாவது வெளியீடு 2023 ஜூனிலும், பதின்மூன்றாவது 2025 ஆகஸ்டிலும் வந்தன. ஆர்ச்சில் அத்தகைய எல்லைக்கோடு கிடையாது. புதியது தயாரானவுடன் பயனரை வந்தடைகிறது. முதலாவது நிதானத்தையும் இரண்டாவது புதுமையையும் உயர்வாகக் கருதுகின்றன.

சென்ற சில ஆண்டுகளில் இவ்வழங்கல்களின் அடித்தளத்தில் இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. எண்பதுகளிலிருந்து திரையையும் விசைகளையும் நிர்வகித்துவந்த எக்ஸ் என்ற அமைப்பின் இடத்தில், 2008-இல் தொடங்கப்பட்ட வேலேண்ட் மெல்ல மெல்ல அமர்ந்தது. ஒலியைக் கலந்து பெருக்கிக்கு அனுப்பிவந்த பல்ஸ்ஆடியோவின் இடத்துக்குப் பைப்வயர் வந்தது. ஃபெடோரா என்ற வழங்கல் 2021-இல் தன் 34-ஆவது வெளியீட்டில் அதை இயல்பு அமைப்பாக ஏற்றுக்கொண்டது. இவ்வளவு ஆழத்தில் மாற்றம் நிகழ்ந்தும், வானொலி கேட்பவர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டி நேரவில்லை. வேலேண்டுக்காக எழுதப்பட்ட ஸ்வே என்ற சாளர மேலாளர், ஐ3-க்காக எழுதிய அமைவுக் கோப்பைப் பெரும்பாலும் அப்படியே படித்துக்கொள்கிறது. ரெகோலித் தன் மூன்றாவது வெளியீட்டில் ஸ்வேயை ஏற்றபோது இந்த இணக்கமே துணையாயிற்று. பைப்வயரும் பல்ஸ்ஆடியோவின் சங்கேதங்களைப் புரிந்துகொள்வதால், பழைய இசைப்பான்கள் தம்மோடு உரையாடுவது புதியவர் என்பதை அறியாமலே ஒலிக்கின்றன.

மாற்றங்கள் எல்லாம் தொழில்நுட்பத்திலிருந்தே வருவதும் இல்லை. எம்பி3 முறையின் மேல் காப்புரிமைகள் இருந்த காலத்தில், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் அதை வாசிக்கும் நிரலைத் தம்மோடு சேர்த்துத் தர இயலாமல், பயனரே பிற இடங்களில் தேடி நிறுவிக்கொள்ளும்படி விட்டிருந்தன. காப்புரிமைகள் காலாவதியாகி, ஃப்ராவுன்ஹோஃபர் நிலையம் 2017 ஏப்ரலில் தன் உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. அந்தக் காலகட்டத்தில்தான் ஃபெடோராவில் எம்பி3 முழு உரிமையோடு இடம்பெற்றது. நிறுவிய கணத்திலேயே வானொலி ஒலிக்கும் இன்றைய வசதிக்குப் பின்னால் இத்தகைய சட்ட வரலாறும் இருக்கிறது.

ஆகவே புதிய வெளியீடு ஒன்று வரும்போது, அதன் நிறத்தையும் பின்னணிப் படத்தையும் பார்த்து முடிவு செய்யாமல், மூன்று காரியங்களைச் செய்வது விவேகம். முதலாவது, வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, அடித்தளத்தில் எது மாற்றப்பட்டிருக்கிறது என்று அறிவது. இரண்டாவது, இறக்கிய கோப்புக்கு ஷா-256 முறையில் கணக்கிட்ட 64 இலக்க அடையாளத்தை, வெளியிட்டோர் அறிவித்த அடையாளத்தோடு ஒப்பிடுவது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் இரண்டும் முற்றிலும் வேறுபட்டுவிடும் என்பதால், வழியில் பழுதானதை இது காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, நிறுவுவதற்கு முன்பே, யுஎஸ்பி குச்சியிலிருந்து நேரே இயக்கிப் பார்த்து, தம் பழைய விசைக் கோப்பும் தம் பழைய நிலையப் பட்டியலும் அங்கே வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது.

இந்தக் கடைசிச் சோதனையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். விசைக்கு ஓர் எண், நிலையத்துக்கு ஒரு வரி, சட்டகத்தின் தலையில் பதினோரு ஒன்றுகள், 16,000 பைட்டுக்கு ஒரு பெயர் என்பவையெல்லாம் ஒருவரையொருவர் அறியாத பலர் வெவ்வேறு காலங்களில் செய்துகொண்ட உடன்பாடுகள். இவை எளியவையாகவும், வெளிப்படையாகவும், எவரும் ஒரு கட்டளையால் சோதித்துப் பார்க்கத்தக்கவையாகவும் இருந்ததனால்தான், இவற்றின் இரு புறத்திலும் உள்ள நிரல்கள் தலைமுறை தலைமுறையாக மாறியும் வானொலி ஒலித்துக்கொண்டிருக்கிறது. பயனர் எழுதிவைத்த ஒரு வரியை மதித்து, அந்த உடன்பாடுகளைக் காத்து, அவற்றுக்கு அடியில் உள்ளவற்றை மட்டும் மேலானவையாக மாற்றித் தரும் வெளியீட்டையே முன்னேற்றம் என்று சொல்லவேண்டும். அதைத் தயாரித்து இலவசமாக வழங்கும் தன்னார்வலர்களின் உழைப்புக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அது எவ்வாறு இயங்குகிறது என்பதை நம் கையாலேயே சோதித்து அறிந்துகொள்வதுதான்.